கொழுப்பு ரிப்போர்ட்டுக்கு வெட்டின கேக்

நல்லதுதானேன்னு நீங்களும் கேக்குறீங்க பாருங்க. ரத்தத்துல கொழுப்பு குறைஞ்சா நல்லதுன்னுதான் ஊரே சொல்லுது. அதை நம்பித்தான் எங்க வீட்டுல கேக்கே வெட்டினோம்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். எங்க வீட்டுக்காரர் பேக்கரி வெச்சிருக்காரு. முந்தின டெஸ்ட்ல கொழுப்பு எக்கச்சக்கம்னு டாக்டர் கத்தினாரு. அடுத்த டெஸ்ட்ல பாத்தா மளமளன்னு இறங்கியிருக்கு. மாத்திரையா? தொட்டதே இல்ல. அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கல்லாவுக்கு மேல ஒட்டிட்டாரு. பன் வாங்க வந்தவங்களை நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டினாரு. கேக் மேல தனக்குத் தானே வாழ்த்து எழுதிக்கிட்ட மனுஷனை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

எங்க அண்ணன்தான் பாவம். விடிஞ்சா நடை, எண்ணெயைக் கண்டா ஓட்டம். அப்படியும் அவருக்குக் கொழுப்பு இறங்க மாட்டேங்குது, எங்கப்பா உடம்புவாகு. இவர் விடுவாரா? கேக் வெட்டின அன்னிக்கு அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி, மச்சான், உங்க ரத்தத்தை வாணலில ஊத்தினா முட்டை பொரிக்கலாம்னுட்டாரு. அண்ணன் தட்டைக் கீழ வெச்சுட்டுப் போனவர்தான், அப்புறம் எங்க வீட்டுப் படி ஏறல. இந்த வாய்க்கொழுப்பைக் காட்ட மட்டும் எவனும் டெஸ்ட் கண்டுபிடிக்கல.

டயட்டா? டயட்டாவது மண்ணாவது! எந்நேரமும் கன்னத்துல புகையிலை. காரம் பட்டா எரியுதும்பாரு. சுட்டது இவரு, ஆனா அந்த பன்னைக் கடிக்க வாய் திறக்காது. டீயில ஊற வெச்சு உறிஞ்சுவாரு. பேண்ட் இடுப்புல நிக்கல. என்னங்க இதுன்னா, உடம்பைச் சிக்குன்னு வெச்சிருக்கேன், உனக்குப் பொறாமைம்பாரு. உள் கன்னத்துல வெள்ளையா படை படிஞ்சிருந்துச்சு. பால் ஒட்டியிருக்காம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

இந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுத்தான் வந்தேன். டாக்டர்கிட்டயும் முதல்ல ரிப்போர்ட்டைத்தான் நீட்டினாரு. அவரு, பேப்பர் இருக்கட்டும், வாயைக் காட்டுங்கன்னாரு. பாத்தவர் முகத்துல சிரிப்பே இல்ல. வெறும் படையா இருந்தப்பவே வந்திருக்கணுமாம். சதையைக் கிள்ளி டெஸ்ட் பண்ணிப் பாத்தா, இப்ப அது புத்துநோயாம். கொழுப்பு இறங்கினதுகூட அதனால இருக்கலாம், சிலருக்கு அப்படி ஆகும், ஆனா அதை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னாரு. அதுக்குப் போய்க் கேக் வெட்டிக் கொண்டாடினோமே!

உள்ளதான் இருக்காரு. கன்னத்துல ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு. ரத்தம் வேணும்னாங்க.

அதோ, முழங்கையில பஞ்சை அழுத்திக்கிட்டு வர்றாரே, அவர்தான் எங்க அண்ணன். ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு. ஆமா, அந்த முட்டை பொரிக்கிற ரத்தமேதான். நான் கூப்பிடக்கூட இல்ல, கேள்விப்பட்டு அவராவே வந்தாரு.

எங்க வீட்டுக்காரர் கண்ணு முழிச்சதும் முதல்ல இதைத்தான் சொல்லப் போறேன். பதில் பேச முடியாதுல்ல, வாயை மூடிக்கிட்டுக் கேக்கட்டும்.

முழிக்கட்டும். அது போதும் எனக்கு.