மேல் கல்லில் காளான் பவளம்

தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கப் பழைய பனியனைவிட நல்ல துணி கிடையாது. என் மாமனார் சொல்லித் தெரிந்துகொண்டது. அவர் சொன்னது எதுவும் தப்பாகப் போனதில்லை. தொல்லையே அதுதான்.

கூடத்தில், சோபாவுக்கு எதிரே, அவருடைய கடல்நீர்த் தொட்டி இருந்தது. மீன் பேருக்கு இரண்டு, மற்றதெல்லாம் பவளங்கள். பவளத்துக்கு உயிர் உண்டு என்பதே கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கொம்புப் பவளங்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அவை விளக்குக்கு நேர் கீழே, மேல் கல்லில். காளான் பவளத்துக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது. அது அடியில், நிழலில். எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஒருமுறை அவர் வெளியூர் போனபோது தொட்டி விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். வந்தவர் திட்டவில்லை. விருந்தாளிகள் வந்த அன்று, "இவதான் எங்க வீட்டு மறதி மகாராணி" என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கணவர் சொன்னார், மகள் தன் தோழிகள் முன்னால் சொன்னாள். இதற்காகவா என்று நீங்கள் கேட்கலாம். இதற்காகத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பவளத்தைச் சட்டென்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் வெளுத்துவிடும். "கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்மா. அதுக்கே தெரியக்கூடாது" என்பார். அப்படியேதான் செய்தேன். மத்தியானம் அவர் தூங்கும்போது கையை விட்டு, காளான் பவளம் ஒட்டியிருந்த சின்னக் கல்லை ஒரு விரற்கடை நகர்த்துவேன். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம். அது வாடிவிடக் கூடாதே என்று விளக்கையும் சற்றுக் குறைத்து வைத்தேன்.

ஒரு காலையில் காபியும் கையுமாகத் தொட்டி முன் நின்றுவிட்டார்.

"இதை யாரு மேல கொண்டுவந்தது?"

"நீங்கதான் மாமா. போன வாரம் கையை விட்டு மாத்தினீங்களே. நான்கூடத் துண்டு எடுத்துக் குடுத்தேனே."

அந்தத் துண்டுதான் அவரை நம்பவைத்தது.

பிறகு கொம்புப் பவளம் ஒன்று கீழே இறங்கியது. விளக்கு எரியும் நேரம் மாறியது. எல்லாவற்றுக்கும் நானே சாட்சி. அவர் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்ய ஆரம்பித்தார். "கேஸை அணைச்சேனாம்மா?" அணைத்திருப்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்பதான் அணைச்சேன் மாமா" என்பேன்.

தனியாகத் தெருவுக்குப் போவதை நிறுத்தினார். தப்பாகிவிடுமோ என்று சாப்பாட்டு மேசையில் பேசுவதையும் நிறுத்தினார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கினார். என் கணவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். கடைசியில் மாமனாரே, "என்னால குழந்தைக்கு ஆபத்து வந்துடக் கூடாது. எங்கேயாவது முதியோர் இல்லத்துல சேர்த்துடுங்க" என்றார்.

கிளம்பும் நாளில் அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்தினது நான்தான் மாமா. உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

முழுக்கக் கேட்டார். கண் கலங்கியது. என் தலையில் கை வைத்தார்.

"நான் போகக் கூடாதுன்னு பழியை உன் தலையில போட்டுக்கிறியாம்மா? நீயா இப்படிச் செய்வே?"

இல்லை மாமா, நிஜம்தான் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. ஏற்கெனவே குழம்பிப் போயிருக்கும் மனுஷரை மேலும் எதற்குக் குழப்புவது என்று, பையை எடுத்துக் கொடுத்தேன்.