மிதுஷாவின் நெற்றிக்காசு

பின்னேரம் ஐந்து நாற்பது. நவம்பர் மாதம், குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த மறுநாள். முதல்நாள் அந்த நேரத்துக்கு வெளிச்சம் இருந்தது. அன்றைக்குக் கும்மிருட்டு. மோர்னிங்சைட்டில் ஒரு கடைசி வீட்டு வரிசை, அதற்குப் பின்னால் காட்டுக்குள் இறங்குகிற ஒற்றையடிப் பாதை... அதில் ஒரு மனுசன் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

துஷானி, அந்தப் போனைக் கவிழ்த்து வை. மா குழைக்கிற மெஷினைத் திருத்துகிறவன் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் ஆகுமாம். எல்லாரும் பாண் சுடுகிற போறணைக்குக் கிட்ட வந்து இருங்கோ, சூடு இன்னும் ஆறவில்லை. சிரிக்கிற ஆட்கள் இப்பவே எழும்பிப் போகலாம். இது சிரிக்கிற கதை இல்லை.

அந்த மனுசன் என் சிநேகிதி மனோரஞ்சிதத்தின் புருஷன். இராஜரட்ணம் என்று பெயர். கையில் ஒரு நீளத் தடி, தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம், காதில் ஹெட்போன். தடியை நிலத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டு போக வேண்டும். கீழே இரும்பு கிடந்தால் 'கர்ர்' என்று உறுமும். காசு கிடந்தால் 'டிங்'. அந்தக் காட்டுக்குள்ளால் முந்தி ஒரு வண்டிப் பாதை போனதாம், அதனால் பழைய காசுகள் அகப்படும். விசர் வேலை என்று நானே அவரை ஏசியிருக்கிறேன்.

அந்த விசரைத் தொடக்கி வைத்தது மகள் மிதுஷா. ஏழு வயதில் அடம்பிடித்து அந்தத் தடியை வாங்குவித்தாள். தகப்பன் ஆட்டுவார், அவள் தோண்டுவாள். தோண்டிய கிடங்கை மூடாமல் வரக்கூடாது என்று அவர் பழக்கியிருந்தார். மண்ணைப் போட்டு, இலையைப் பரப்பி, உள்ளங்கையால் மூன்று தரம் தட்டுவாள். தப்... தப்... தப். பிறகுதான் அடுத்த இடம். முதல் நாளே ஒரு பெரிய செப்புக் காசு அகப்பட்டது. ராணியின் தலை, 1859 என்று வருசம். படுக்கும்போதும் அதைக் கைக்குள் வைத்திருப்பாள்.

எட்டு வயதில் இரத்தத்தில் வருத்தம் வந்தது. ஒன்பது வயதில் போய்விட்டாள். கடைசி மாதம் அவள் வாயால் இறங்கியது ஸ்ட்ரோபெரி மணக்கிற ஒரு மருந்து மட்டும்தான். வீடு முழுக்க அந்த மணம். இன்றைக்கும் கடையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டியைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன்.

நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதில் ஒரு காசை ஒட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். போகிற வழிக்கு அது. “வேற காசு வேண்டாம், அவளின்ரை காசையே வையுங்கோ,” என்று மனோரஞ்சிதம்தான் சொன்னாள். பெட்டி மூடப்போகிற நேரம் இராஜரட்ணம் குனிந்து பிள்ளையைக் கொஞ்சினார். நெடுநேரம் எழும்பவில்லை. நாங்கள்தான் பிடித்துத் தூக்கினோம். அவருடைய வலது கை பொத்தியபடி இருந்தது. நானும் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை.

செத்தவரின் நெற்றிக்காசையும் விட்டுவைக்க மாட்டான் என்று ஆட்களை ஏசுவோமே... அதை அந்த மனுசன் செய்திருந்தார். பெற்ற பிள்ளையின் நெற்றியிலிருந்து. ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அவள் கைக்குள் வைத்துப் படுத்த காசு நெருப்புக்குள் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒருவருக்கும் சொல்லவும் இல்லை.

சரி, அந்த நவம்பருக்கு வாறன். பிள்ளை போய் ஏழு மாதம். காசைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு பின்னேரமும் காட்டுக்குப் போவார். அன்றைக்கு நேரம் மாறியதை மறந்துபோய் இருட்டுக்குள் அகப்பட்டுவிட்டார். திரும்புவோம் என்று நிற்கிறார்... ஹெட்போனுக்குள் ஒரு சத்தம். கர்ர் இல்லை. டிங் இல்லை.

தப்... தப்... தப்.

ஹெட்போனைக் கழற்றினார். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. திரும்ப மாட்டினார். தப்... தப்... தப். ரோச் லைற்றை அடித்துப் பார்த்தார். அவர் வந்த பாதை முழுக்க, அவருடைய காலடிகளுக்குப் பக்கத்தில், மூடிய கிடங்குகள். சின்னச் சின்னக் கிடங்குகள். மேலே இலை பரப்பி, இலையில் உள்ளங்கை பதிந்திருந்தது. அவர் அன்றைக்கு ஓர் இடமும் தோண்டவில்லை. ஈர இலை மணத்துக்கு நடுவில், மெல்லிசாக, ஸ்ட்ரோபெரி மணம்.

“யோகம் அன்ரி, அப்ப அந்தப் பேய் அவரை ஃபொலோ பண்ணிச்சுதா?” என்கிறாள் துஷானி.

பேய் எண்டு சொல்லாதை, பிள்ளை. ஒன்பது வயசு. அது தன்ரை காசைத் தேடுது.

அன்று இரவு இராஜரட்ணம் அந்தக் காசை எடுத்து மனோரஞ்சிதத்துக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

“நான் எடுத்துப்போட்டன், ரஞ்சி. அவள் இன்னும் போகேல்லை. குளிருக்குள்ளை கிண்டிக்கொண்டு திரியிறாள்.”

மனோரஞ்சிதம் அவரை அடித்தாள். நெஞ்சில், தோளில், தன் கை நோகும்வரைக்கும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. பிறகு களைத்துப்போய் நிலத்தில் இருந்துகொண்டு ஒன்று கேட்டாள்.

“ஜக்கெற் போட்டிருந்தவளே?”

“நான் ஆளைக் காணேல்லை, ரஞ்சி.”

அடுத்த நாள் பகல் மூன்று பேரும் காட்டுக்குப் போனோம். ஓம், நானும்தான் போனேன். அந்தக் காசு முதன்முதல் அகப்பட்ட இடத்தை அவர் மறக்கவில்லை. காசில் சந்தனம் பூசி உள்ளே வைத்து, மண்ணைப் போட்டு, இலையைப் பரப்பி, மூன்று தரம் தட்டினார். “போ, அம்மா. பயப்பிடாமல் போ,” என்று சொல்லிவிட்டுக் குழறி அழுதார். பெரிய ஆம்பிளை ஒருவர் அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. மனோரஞ்சிதம் கிடங்கில் கை வைத்துச் சொன்னாள், “போயிட்டு வா, செல்லம்.” செத்த வீட்டில் சொல்லக் கூடாத சொல். ஆனால் தாய்க்காரி, வாய் பழகின பழக்கத்தில் சொல்லிவிட்டாள் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு காட்டில் கிடங்குகள் இல்லை. சத்தமும் இல்லை. இராஜரட்ணம் தடியை பேஸ்மென்றில் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். சாப்பிட்டார், ஓரளவு நித்திரை கொண்டார். கடவுளே, பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நான் கோயிலில் கற்பூரம் கொளுத்தினேன்.

தை மாதம் ஒரு நாள் பின்னேரம் மனோரஞ்சிதத்தைப் பார்க்கப் போனேன். அவர் வேலையில். குசினிக்குள் இவள் ஒரு கையாலேயே தேத்தண்ணி ஊற்றுகிறாள். மற்றக் கை பொத்தியபடி.

“என்னடி கையுக்குள்ளை?”

விரித்தாள். அந்தக் காசு. ராணியின் முகத்தில் சந்தனம். நவம்பரில் பூசிய சந்தனம்... இன்னும் ஈரமாக இருந்தது.

“விடியவே போய், சுடுதண்ணி ஊத்திக் கிண்டி எடுத்துப்போட்டன்,” என்றாள்.

“உனக்கென்ன விசரே? பிள்ளை போறதுக்கெல்லே அவர் குடுத்தவர்!”

“அவருக்குப் பின்னாலை எத்தினை நாள் திரிஞ்சவள், யோகம். என்னட்டை ஒருக்காலும் வரேல்லை. பத்து மாதம் சுமந்தது நானெல்லே. ஒருக்கா... ஒரேயொருக்கா வந்திட்டுப் போகட்டும். பிறகு குடுத்திடுவன்.”

எனக்கும் இரண்டு பிள்ளைகள். யன்னல் பக்கம் திரும்பினேன். பின்வளவு முழுக்கப் பனி. தை மாதத்து நிலம், மண்வெட்டி போட்டாலும் தெறிக்கும். அந்தப் பனியில், காட்டுப் பக்கத்து வேலியிலிருந்து வீட்டை நோக்கி ஒரு வரிசை... கறுப்பு மண். சின்னச் சின்னதாக, மூடித் தட்டிய கிடங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி உள்ளங்கை. கடைசிக் கிடங்கு பின்கதவுப் படிக்குக் கீழே இருந்தது.

கதவடியிலிருந்து காலுக்குக் குளிர் அடித்தது. குளிரோடு அந்த ஸ்ட்ரோபெரி மணம். குனிந்து பார்த்தேன்.

“ஐயோ ரஞ்சி, கதவு பூட்டேல்லை!”

அவள் அடுப்பு நெருப்பைக் குறைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவளிட்டை வீட்டுத் திறப்பு இல்லையெல்லே, யோகம்.”