துண்டை விரித்தால் இரு என்று அர்த்தம்

அலைச்சறுக்குப் போட்டியின் கடைசிச் சுற்றில் இறந்துபோன வீரரின் கூடப்பிறந்த அக்கா நான். எனக்கு வயது முப்பத்தொன்று. மீன் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடைக்கு மேல் மாடியில், அப்பா அம்மாவோடு குடியிருந்து வருகிறேன். தொழில் என்ன என்று கேட்டதற்கு முன்னாள் அலைச்சறுக்கு வீராங்கனை என்று சொன்னேன். முன்னாள் என்பதெல்லாம் தொழில் ஆகாது, இப்போது என்ன செய்கிறாய் என்று காவல் நிலைய எழுத்தர் கேட்டார். முழங்கால் போன பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பலகைமேல் நிற்கக் கற்றுக்கொடுக்கிறேன், போட்டி நாட்களில் ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்கிறேன். அதையே எழுதிக்கொள்ளலாம்.

மீட்பு வாட்டர் ஸ்கூட்டர் ஓட்டியவர் என் தம்பி பக்கத்திலேயே போகவில்லை என்று என் அப்பா கொடுத்த புகாரின்பேரில் அவரை இந்த நிலையத்தில் வைத்திருக்கிறீர்கள். அது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. போகாதே என்றுதான் வீட்டில் சொன்னார்கள்.

என் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். அவர் ஒரு நாள்கூடப் பலகையில் ஏறி நின்றதில்லை. ஆனால் கரையில் நின்று எந்த அலை எங்கே உடையும் என்று சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் எனக்குத்தான் பயிற்சி கொடுத்தார். என் முழங்கால் போன மறுமாதமே தம்பியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கடலுக்குக் கூட்டிப்போனார். தம்பி நன்றாக வந்தான். கரையில் பாதத்தை அகட்டி அகட்டி நடப்பதால் போட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவனை வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீரில் இறங்கிவிட்டால் அந்தக் கேலி செய்த வாய் எல்லாம் மூடிக்கொள்ளும்.

அதன் பிறகு தம்பி ஊர் ஊராகப் போட்டிக்குப் போய் வந்தான். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் பட்டுப் பட்டு அவனுக்குக் காதுக்குள் எலும்பு வளர்ந்துவிட்டது. இது எங்கள் தொழிலில் வருகிற வியாதிதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தெரியாதவர்கள் திமிர் பிடித்தவன் என்பார்கள். அறுவை சிகிச்சை செய்தால் பல வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்தார்.

கரையிலிருந்து கத்தினால் அவனுக்குக் கேட்காது. கொடி காட்டவும் போட்டியில் அனுமதி கிடையாது. அதனால் அப்பா பேருந்து சீட்டில் போட்டிருந்த சிவப்புத் துண்டையே தோளில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். துண்டை இடுப்பில் கட்டினால் கரைக்கு வா. ஒரு கையால் சுழற்றினால் இந்த அலையை எடு. இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்தால், பின்னால் பெரிய அலை வருகிறது, அங்கேயே இரு, நகராதே. பார்க்கிறவர்களுக்கு வெயிலுக்குப் பிடிப்பதுபோல இருக்கும். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருவன் இப்போது இல்லை.

அப்பா துண்டால் வேர்வை துடைத்திருக்கலாம் அல்லவா என்று ஆய்வாளர் கேட்டார். வேர்வை துடைக்கிற மனுஷன் துணி காயப்போடுவது மாதிரியா விரித்துப் பிடிப்பார் என்று நான் கேட்டேன். நாற்காலியில் கிடந்த காவலரின் துண்டை வாங்கிச் செய்தும் காட்டினேன்.

போட்டி அன்று காலையில் கடல் மோசமாக இருந்தது. தம்பி சாப்பிடவில்லை. இந்தச் சுற்றில் ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடம் பெரிய போட்டிகளில் அவனுக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே என்னிடம், "அக்கா, இன்னிக்கு முடிஞ்சதும் காது டாக்டர்கிட்ட போயிடலாமா? அப்பாகிட்ட நீ சொல்றியா?" என்று கேட்டான். சொல்றேண்டா என்றேன். அதன் பிறகு அவன் காலில் பலகைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நான் நடுவர் மேடைக்குப் போய் பைனாகுலரையும் மைக்கையும் எடுத்துக்கொண்டேன். அப்பா மேடைக்குக் கீழே மணலில் நின்றார்.

சுற்று பாதி போனபோது ஓர் அலையில் தம்பி முன்பக்கமாக விழுந்தான். பலகை திரும்பி வந்து அவன் கழுத்துக்கும் தலைக்கும் நடுவில் அடித்தது. அவன் மேலே வந்து பலகையைப் பிடித்துக்கொண்டான். வழக்கமாக ஏறி உட்காருவான். அன்று ஏறவில்லை. கன்னத்தைப் பலகைமேல் வைத்துக் குறுக்காகக் கிடந்தான். மைக்கில் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உடனே ஸ்கூட்டர்காரர் போனார். இதை நான் கண்ணால் பார்த்தேன். தம்பிக்குக் கை எட்டும் தூரத்தில் நிறுத்திக் கையை நீட்டினார். எங்கள் போட்டி விதிப்படி, ஸ்கூட்டரில் ஏறினால் அந்தச் சுற்று அவனுக்கு அதோடு முடிந்தது. தம்பி அவர் கையைப் பிடிக்கவில்லை. முகத்தை மெல்லத் திருப்பிக் கரையைப் பார்த்தான். நான் கீழே அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். "அப்பா, அவனுக்கு அடிபட்டிருக்கு, வரச் சொல்லுங்க" என்று மேடையிலிருந்து கத்தினேன். "சும்மா இருடி, பின்னால வருது பாரு" என்றார். அவர் சொன்னபடியே பின்னால் பெரிய அலை வந்துகொண்டிருந்தது.

தம்பி ஸ்கூட்டர்காரரின் கையைத் தள்ளிவிட்டான். அவர் மறுபடியும் நீட்டினார். மறுபடியும் தள்ளிவிட்டான். வீரர் வேண்டாம் என்றால் ஸ்கூட்டர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அலையின் பாதையில் நிற்க முடியாது. அவர் ஒதுங்கினார். அதன் பிறகு அலை வந்தது. தம்பி கையால் துழாவினான், எழுந்திருக்கவில்லை. அலை உடைந்த பிறகு பலகையின் முனை மட்டும் செங்குத்தாக நின்றது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கயிற்றின் மறுமுனையில் ஆள் அடியில் கிடந்தால்தான் பலகை அப்படி நிற்கும்.

ஸ்கூட்டர்காரர் ஓடிக்கொண்டிருந்த வண்டியை விட்டுத் தண்ணீரில் குதித்தார். வண்டி பாறையில் மோதி உடைந்தது. அவர்தான் தம்பியை மேலே கொண்டுவந்தார். அவர் இரண்டு கையிலும் தோல் உரிந்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும், அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

மணலில் கிடத்தியபோது தம்பிக்கு மூச்சு இல்லை. அப்பா அந்தத் துண்டாலேயே அவன் முகத்தைத் துடைத்தார். காதுக்குள் இருந்த மணலையும் துடைத்தார். அதன் பிறகு எழுந்து ஸ்கூட்டர்காரரின் சட்டையைப் பிடித்து, "ஏன்யா என் பிள்ளைகிட்ட போகல?" என்று அடித்தார். அவர் அடி வாங்கிக்கொண்டு நின்றார்.

அப்பா வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் கவனமெல்லாம் அலைமேல்தான் இருந்தது. ஆனால் ஸ்கூட்டர் பக்கத்தில் போகவில்லை என்று அவர் சொல்வது உண்மை இல்லை. ஸ்கூட்டர் போனதை அவரும் பார்த்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. இதையும் எழுதுங்கள் என்று சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்று எழுத்தர் சொன்னார், பிறகு எழுதிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அம்மா கதவை மறித்து நின்று, "போனவன் போயிட்டான். இருக்கிற மனுஷனையும் கொண்டுபோய் உள்ள தள்ளிடாதடி" என்று அழுதார். ஸ்கூட்டர்காரர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்காங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இங்கே வந்தபோது அப்பா எனக்கு முன்னாலேயே வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் என்னை உள்ளே கூப்பிட்டதும் அப்பா எழுந்து வாசல் படிக்கு எதிரே வந்து நின்றார். தோளில் இருந்த சிவப்புத் துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே பிடித்தார். வாசல் காவலர், "வெயில்ல ஏன் நிக்கிறீங்க பெரியவரே, நிழல்ல உக்காருங்க" என்று சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மேலே எழுதியிருப்பதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். துண்டு என்று நான் சொன்ன ஓரிடத்தில் துணி என்று இருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. நான் கண்ணால் கண்ட உண்மை இது என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் அக்கா,
புகார் கொடுத்தவரின் மகள்.