புட்போர்டு ரப்பர் மீது குற்றமில்லை

கறுப்பு ரப்பருக்கு வெயில் ஆகாது, ஐயா. அதுவும் திண்டுக்கல் வெயில் அறவே ஆகாது. ஒரு சித்திரை மாதம் வெளியே கிடந்தால் மேலே சாம்பல் பூத்துவிடும். அடுத்த சித்திரையில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வெடித்த ரப்பரை எந்த வைத்தியனாலும் ஒட்டவைக்க முடியாது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. அதனால் ஸ்டேஷன் ரைட்டர் ஐயா இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் தங்கமுத்து. பிறந்த ஊர் அகரம். நாகல் நகரில் புகையிலை மண்டி வைத்திருக்கும் உடையப்பன் முதலாளியிடம் பதினோரு வருஷமாக டிரைவர். ஓட்டுவது, கழுவுவது, துடைப்பது எல்லாம் நான்தான். வண்டி முப்பத்தெட்டாம் வருஷத்து அமெரிக்க வண்டி. சிறுமலை எஸ்டேட்டில் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. இப்போது வரும் வண்டிகளில் இல்லாத ஒன்று அதில் உண்டு. கதவுகளுக்குக் கீழே, முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை நீளமாக ஒரு படி. புட்போர்டு என்போம். அதன்மேல் முழுக்கக் கறுப்பு ரப்பர். நீளவாக்கில் இருபத்திரண்டு கோடுகள், புதிதாக உழுத சால் மாதிரி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ரப்பர் யானைத் தோல் நிறத்தில் இருந்தது. துரை வீட்டு ஆட்கள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் அன்றைக்குப் பளபளப்புக் காட்டும், உள்ளே இறங்கி ரப்பரை ஊதவைத்துவிடும். தேங்காயெண்ணெய் போட்டால் தெருப் புழுதி அத்தனையும் அதில் வந்து உட்காரும். செருப்புப் பாலீஷ் போட்டால் ஏறுகிற பெண்களின் சேலைக் கரையெல்லாம் கரி. ஒரு வருஷம் தட்டுத் தடுமாறித்தான் வழி கண்டேன். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரால் கழுவி, கோடுகளுக்குள் பழைய பல் பிரஷை விட்டுத் தேய்த்து, நிழலில் உலரவைக்க வேண்டும். பிறகு மருந்துக்கடை கிளிசரினில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நைந்த வேட்டித் துணியில் தொட்டுத் தடவ வேண்டும். அரை மணி நேரம் ஊறியதும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. காலை வைக்கிறவருக்குத்தான் வழுக்கும்.

மூன்று மாதத்தில் ரப்பர் கறுத்தது. முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, "ஏலே, மொகம் தெரியுதுடா" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். எனக்கு அது போதும்.

வீட்டில் என் மனைவி சுப்புத்தாய்க்குக் குதிகால் வெடிப்பு. பனிக்காலத்தில் ரத்தம் கசியும். "அந்தக் கிளிசரின்ல செத்தக் கொண்டாந்தா நானும் காலுல தடவிக்கிருவேன். வண்டிக்கு மட்டுந்தேன் தோலு இருக்கா?" என்று கேட்டாள். காலில் தோல் மறுபடி வளரும், ரப்பர் வளராது என்று எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. என்னிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது.

முதலில் விழுந்தவர் புகையிலைத் தரகர் வேலுமணி. அது என் தப்பு இல்லை. கிளிசரின் ஊறிக்கொண்டிருக்கும்போதே முதலாளி, "வண்டிய எடுறா, அய்யலூர் போகணும்" என்று அவசரப்படுத்திவிட்டார். வேலுமணி ஏறினார், வழுக்கினார், கதவில் வாய் மோதி முன்பல் இரண்டு போயிற்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் புட்போர்டில் மிதிக்காமல், கோயில் வாசற்படியைத் தாண்டுவது போலக் காலைத் தூக்கி வைத்து ஏறினார். பத்து முறை கெஞ்சியும் நடக்காதது ஒரே காலையில் நடந்துவிட்டது. மனிதர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை, விழுந்தால் புரிகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது முத்துப்பேச்சி அக்கா. முதலாளி வீட்டுச் சமையல்காரி. மத்தியானம் ஷெட் நிழலில் புட்போர்டில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள். கீரை மண் கோடுகளுக்குள் இறங்கிவிடும். "அக்கா, திண்டு மாதிரி உக்காராத. ரப்பரு கெட்டுப்போகும்" என்பேன்.

"நெழலா இருக்குல்ல, அப்பு. செத்த நேரந்தேன்" என்பாள். அந்தச் செத்த நேரம் தினமும் ஒரு மணி நேரம்.

ஒரு மத்தியானம் கிளிசரினைத் துடைக்காமல் விட்டேன், ஞாபகம் இருந்தும் அப்படி விட்டது அதுதான் முதல் முறை. முறத்தைக் கையில் பிடித்தபடி உட்காரப் போனவள் அப்படியே சறுக்கிக் கல்தரையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆறு மாதம் படுக்கை. இப்போது உட்கார்ந்தபடியே சமைக்கிறாள், குழம்பு, வெஞ்சனத்தின் ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவளை அந்த வண்டியில்தான் கொண்டுபோனேன். ஏற்றுவதற்கு முன் புட்போர்டைத் துடைத்தேன். நான் இரக்கமில்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நகரசபைத் தேர்தல் வந்தது. முதலாளியின் தம்பி நல்லுசாமி எங்கள் வார்டில் நின்றார். சின்னவர் என்று கூப்பிடுவோம். அவருக்கு வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுக் கேட்பது பிடிக்கவில்லை. உள்ளே இருந்தால் சனத்துக்கு முகம் தெரியாதாம். இடது பக்கப் புட்போர்டில், பின் கதவோரமாக நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கும்பிட்டுக்கொண்டே வருவார். காலில் லாடம் அடித்த செருப்பு. முதல் நாள் முடிந்து ஷெட்டில் குனிந்து பார்த்தேன். இருபத்திரண்டு கோடுகளில் ஏழு கோடுகளில் கீறல் விழுந்திருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "சின்னவரே, செருப்ப மட்டும் கழட்டிட்டு ஏறுனா நல்லாருக்கும்" என்றேன்.

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஏலே தங்கமுத்து, ஓட்டுப் போடப் போறது சனமா, ஒன் ரப்பரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பினார். பாதி தரையில் விழுந்தது, பாதி புட்போர்டில். அதையும் நான்தான் துடைத்தேன். பன்னிரண்டு நாள், ஐயா. பன்னிரண்டு நாளும் துடைத்தேன். ஒவ்வொரு நாளும் கடைசித் துடைப்பு வரைக்கும் ஒழுங்காகச் செய்தேன். என் பொறுமையை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிமூன்றாம் நாள் காலை பத்து மணி. அகரத்திலிருந்து வந்த மாலைகள் பின் சீட்டில் குவிந்து கிடந்தன. வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. கொடி கட்டிய சைக்கிள்கள் பின்னால் தூரத்தில் வந்தன. ரயில்வே கேட்டைத் தாண்டி வலது பக்கம் வளைய வேண்டும். அன்றைக்கு நான் கிளிசரினில் தண்ணீர் கலக்கவில்லை. துடைக்கவும் இல்லை. வளைவில் அவர் கீழே விழுந்து பின்சக்கரத்தில் அகப்பட்டார். இதெல்லாம் உங்கள் ரிக்கார்டில் இருக்கிறது, கிளிசரினைத் தவிர.

என்மேல் யாரும் சந்தேகப்படவில்லை. கட்சிக்காரர்கள் சாயங்காலமே, 'மக்கள் நடுவே நின்றபடி உயிர் துறந்தார்' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். அவர் மக்கள் நடுவே நிற்கவில்லை, ரப்பர்மேல் நின்றார். இருந்தாலும் நான் திருத்தப் போகவில்லை. பிணத்தின் பின்னால் நடந்தேன், அழுதேன். கருமாதி வரை வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கை முழுக்கத் திறந்திருக்கவும் மாட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் முதலாளி மெக்கானிக் ராயப்பராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். "இந்த ரப்பருதான்டா எந் தம்பியக் கொன்னுருச்சு. தேஞ்சுபோன சனியன். ரெண்டு பக்கமும் பிச்சு எடுத்துத் தீயில போட்டுரு."

ராயப்பராஜ் குனிந்து பார்த்தான். "மொதலாளி, இது தேயவே இல்லையே. புதுசு மாதிரியில இருக்கு" என்றான்.

"போலீசு எழுதியிருக்குடா" என்றார் முதலாளி.

நேராக இங்கே நடந்து வந்தேன். முதலில் நீங்கள், துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது, வீட்டுக்குப் போய்ப் படு என்றீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் விசாரணை ரிப்போர்ட்டில், 'புட்போர்டின் ரப்பர் நாட்பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டபடியால்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அடிக்க வேண்டும். அநியாயமாக ஒரு வாயில்லாத பொருள்மேல் பழி போடுவது பாவம். அது தேயவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருவரையும் அது தானாக வழுக்கிவிட்டதில்லை. ராயப்பராஜ் உளியை எடுப்பதற்குள் முதலாளிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.

அதற்கு முழு உண்மையும் வேண்டும் என்றால் சொல்லிவிடுகிறேன். வழுக்கியதும் அவர் உடனே விழவில்லை. ஒரு கை கதவுக் கைப்பிடியில் இருந்தது, ஒரு கால் புட்போர்டில் இருந்தது. கண்ணாடியில் தெளிவாகப் பார்த்தேன். "தங்கமுத்து, நிப்பாட்டுறா, நிப்பாட்டு" என்றார். நான் பிரேக் பெடலில் காலை வைத்தேன். வைத்தேன், ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிரேக் பிடித்தால் அவர் முன்பக்கமாகச் சறுக்குவார். லாடம் பின் கதவிலிருந்து முன் மட்கார்டு வரை மொத்த நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு வரும். யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

வண்டி ஒரு தரம் லேசாகத் தூக்கிப் போட்டது. இறங்கிப் போய் முதலில் பார்த்தேன். ரப்பரில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.