கம்பம் பேருந்தில் பிரெஞ்சு

தேனியிலிருந்து கம்பம் போகிற பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கிற அவர் மகளும். பழனிசெட்டிபட்டி தாண்டியதும் மகள் கைபேசியில் எனக்குப் புரியாத மொழியில் பேச ஆரம்பித்தாள். அவள் பேசி முடிக்கும்வரை அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருகிட்ட ஆத்தா பேசுன?”

“பிரெஞ்சும்மா. கிளாஸ்ல படிச்சா மட்டும் வராது, வெளிய யாருகிட்டயாவது பேசிப் பழகணும்னு மேடம் சொல்லியிருக்காக.”

“ஆம்பளக் குரலு கேட்டுச்சு.”

“பாண்டிச்சேரிப் பையன். அவனும் பிரெஞ்சுதான் படிக்கிறான்.”

“பாடத்துல எதுக்குச் சிரிப்பு?”

“தப்பாப் பேசுனேன், அவன் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. பேசிப் பழகுனாத்தானம்மா பாஷை வரும்.”

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீரபாண்டி தாண்டியதும் மறுபடி மகள் பக்கம் திரும்பினார்.

“ஏலக்காட்டுக்கு ஜீப்புல வேலைக்குப் போறப்ப நானும் எங்காத்தாகிட்ட இதேதான் சொன்னேன். அங்கன ஒருத்தர்கிட்ட மலையாளம் பேசிப் பழகுறேன்னு.”

“யாருகிட்டம்மா?”

“உங்கப்பாகிட்டத்தான். போனை இங்கன கொடு.”