தாலிக் கயிற்றில் டிராக்டர் சாவி

12 மார்ச் 1981, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, வழக்கம்போல் ஐந்தே முக்கால் பாகூர் பேருந்தில் அரியாங்குப்பத்துக்குத் திரும்பினேன். முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அவள் கணவரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. அவள் தாலிக் கயிற்றில் ஒரு சாவியைக் கோத்திருந்தாள்.

"பத்து நாளா டிராக்டர் களத்துல தனியா நிக்குது. பக்கத்து ஊர்ல ஒண்ண எவனோ ஓட்டிக்கினு பூட்டானாம். நல்லவேளை, நம்ம சாவி எங்கிட்ட இருக்கு."

"கிழிஞ்சிது போ. அந்தக் கம்பெனி வண்டி எல்லாத்துக்கும் ஒரே சாவிதான்க்கா. நான் ஓட்டுற மொதலாளி வண்டி சாவியப் போட்டாலே உன்னுது கெளம்பும்."

"பொய் சொல்லாதடா."

"போன அறுப்புல உன் வண்டிய அப்பிடித்தான் எடுத்து ஓட்டினேன். மாமாவுக்கே தெரியாது."

பாலம் தாண்டியதும் அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கே ஸ்டீரிங்கக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. கட்டிலுக்கு அடியில வெச்சுக்கிறேன்."

"சரி. நாளைக்கு மாமாகிட்ட விசயத்தச் சொல்லிடுறேன்."

"வாயத் தொறந்த, பல்ல ஒடைப்பேன். தெனமும் இந்தச் சாவியத் தொட்டுப் பாத்துட்டுதான் அந்த மனுசன் கண்ண மூடுறாரு."

மறுநாள் காலை எழுந்ததும், முதல் வேலையாக என் சைக்கிள் சாவியை எதிர்வீட்டுக்காரரின் சைக்கிள் பூட்டில் போட்டுப் பார்த்தேன். திறந்தது. திரும்பப் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.