சந்திரம்மா சொன்ன வியாதி

வைஷ்ணவி: இது எத்தினி விரல்? மெதுவா யோசிச்சு சொல்லு.

அனன்யா: பதினேழு.

வைஷ்ணவி: ஐயோ... பரவால்ல, பரவால்ல. மறுபடியும் பாரு.

அனன்யா: மூணுடி, மூணு! டெந்த்ல எனக்குக் கணக்குல தொண்ணூத்தாறு, தெரியுமோ?

வைஷ்ணவி: ஆமாமா... வாங்கியிருப்ப.

அனன்யா: நிஜம்மா!

வைஷ்ணவி: சரிப்பா, கத்தாத. மாடில எங்கம்மா தூங்குது. நான் கீழ இறங்கி உங்க வீட்டுக்கு வர்றதே அதுக்குத் தெரியாது.

அனன்யா: தெரிஞ்சா என்ன?

வைஷ்ணவி: ஒண்ணுமில்ல...

அனன்யா: சொல்லேன்.

வைஷ்ணவி: கோச்சிக்கக் கூடாது. உனக்கு... மூளையில வியாதியாம். திடீர்னு கடிச்சிருவியாம்.

அனன்யா: கடிப்பேனா! யாருடி சொன்னா?

வைஷ்ணவி: கடிக்கிறத அம்மாவே சேத்துக்கிச்சு. வியாதிய உங்க வீட்ல வேலை செய்யுற சந்திரம்மாதான் சொன்னாங்க. நாங்க குடி வந்த அன்னிக்கே. "ஆ ஹுடுகிகெ மூளெ காயிலெ"ன்னு.

அனன்யா: உனக்குத்தான் கன்னடமே வராதே?

வைஷ்ணவி: ஹுடுகின்னா பொண்ணு. காயிலென்னா வியாதின்னு அப்பா ஆபீஸ்ல கேட்டுட்டு வந்தாரு. மூளைக்கு வேற போயி அர்த்தம் கேப்பாங்களா?... ஏய், சிரிக்காத. நீ இப்டி சிரிச்சா பயமா இருக்கு.

அனன்யா: அதான் டெய்லி விரல் காட்டறியா! நானும் இவ ஏன் இப்படிக் கேக்கறான்னு... ஐயோ, வயிறு வலிக்கறது... கன்னடத்துல மூளென்னா எலும்புடி, மக்கு!

வைஷ்ணவி: எலும்பா?

அனன்யா: ஆமாண்டி, எலு...

வைஷ்ணவி: ஏன் சிரிப்ப நிறுத்திட்ட?

அனன்யா: சொல்லியிருக்கப்படாது.

வைஷ்ணவி: எலும்புல என்ன?

அனன்யா: பொறக்கறச்சேயே அப்படி. சாக்பீஸ் மாதிரி ஒடைஞ்சுடும். தும்மினாக்கூட. எங்கேயோ ஒருத்தருக்குத்தான் வருமாம்.

வைஷ்ணவி: அப்ப நான் உன்ன... கைதட்டி விளையாடுனது, கிள்ளுனது, கட்டில்ல குதிச்சு ஏறுனது... தெரிஞ்சே ஏண்டி சொல்லல?

அனன்யா: சொன்னா எல்லாரும் தள்ளி நின்னுடறா. அம்மாகூட என்னைத் தலகாணியோட சேத்துத்தான் தூக்குவா. ஸ்கூல் போறச்சே ஒரு பெஞ்சு முழுக்க எனக்கே எனக்கு. இப்போ ஸ்கூலும் இல்லை. அந்த ஜன்னல்தான். ரொம்பத் தனியா இருக்கு வைஷ்ணவி... நீ ஒருத்திதான் தடதடன்னு வந்து பக்கத்துல உக்காந்தே.

வைஷ்ணவி: பைத்தியம்னு நெனச்சு.

அனன்யா: நெனச்சுக்கோயேன். வந்தியோல்லியோ?

வைஷ்ணவி: எனக்கு மட்டும் யாரு இருக்கா? அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமைகூட கம்ப்யூட்டர். ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுருமாம். ஸ்கூல்ல நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறாளுங்க. பைத்தியமா இருந்தாலும் தமிழ் பேசுதேன்னுதான் வந்தேன்.

அனன்யா: ரொம்ப தேங்க்ஸ்.

வைஷ்ணவி: இனிமே நான்... அந்த நாற்காலியில உக்காந்துக்கறேன்.

அனன்யா: பாத்தியா. தள்ளிப் போயிட்டே.

வைஷ்ணவி: பயமா இருக்குடி. ஒடைஞ்சிட்டா?

அனன்யா: ஒடைஞ்சா ஒட்டிக்கும். எத்தனை தரம் ஒட்டியிருக்கு! வா இங்கே.

வைஷ்ணவி: சத்தியமா ஒண்ணும் ஆகாதே?

அனன்யா: வாயேன்...

வைஷ்ணவி: சரி. கையக் குடு. ஒரு கைதானா? அதையும் குடு... போர்வைக்குள்ள என்ன ஒளிக்கிற? காட்டு... ஐயோ, என்னடி இப்டி வீங்கிக் கெடக்கு? எப்ப ஆச்சு?

அனன்யா: நேத்திக்கு. சீட்டுல ஜெயிச்சுட்டு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினியே, அப்போ. கட்டுப் போட்டா உனக்குத் தெரிஞ்சுடும்னு அம்மாகிட்டகூடச் சொல்லலை... விட்டுடாதேடி. மெதுவாப் பிடிச்சுக்கோ.